வெட்டிய வழி

எங்கள் பள்ளியில் அப்போது ஒரே ஒரு சைக்கிள்தான் இருந்தது. அதற்கும் பின் பிரேக் கிடையாது. ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவனுடையது. காலையில் அவன் ஏறி உட்கார்ந்தால் போதும், மலையே அவனைக் கொண்டுவந்து பள்ளி வாசலில் விட்டுவிடும். மத்தியானம் அவன்தான் சைக்கிளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மாடு ஓட்டிப் போகிறவனைப் போல ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே திரிங்காப் ஊர் வரைக்கும் ஏறுவான்.

இப்படிப்பட்ட பள்ளிக்குத்தான் 2017ஆம் ஆண்டில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. மாணவர்களுக்குக் காணொளிப் போட்டி. பள்ளிக்குப் பாதுகாப்பாக நடந்து வருவதும் சைக்கிளில் வருவதும்தான் தலைப்பு. மூன்று நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், கைப்பேசியிலேயே எடுக்கலாம், பேச்சு மலாய்மொழியில் இருக்க வேண்டும். தாளின் மேலே ஒரு படம். தலைக்கவசம் போட்ட பையன், மர நிழலில் நடைபாதை, பக்கத்தில் சைக்கிளுக்கென்று பச்சை அடித்த தனித் தடம்.

“இது எந்த ஊர் ரோடு சார்?” என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். எந்த ஊராக இருந்தாலும் கேமரன் மலை இல்லை என்று மட்டும் சொன்னேன்.

தலைமையாசிரியைக்கு சைக்கிள் என்ற சொல்லே பிடிக்கவில்லை. காரணம் இருந்தது. அந்த வருடம் பிப்ரவரியில்தான் ஜொகூர் பாருவில் பின்னிரவு மூன்று மணி வாக்கில், மாற்றிக் கட்டிய சைக்கிள்களில் போன பையன்கள் கூட்டத்தில் கார் மோதி எட்டுப் பேர் செத்துப்போனார்கள். நாடே ‘பாசிக்கால் லாஜாக்’ என்று பேசிக்கொண்டிருந்த நேரம். “நடக்குறத மட்டும் காட்டுங்க சார், சைக்கிள் வேணாம்” என்றார். போட்டி விதியிலோ தலைக்கவசத்துக்குத் தனி மதிப்பெண். கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதை மட்டும் காட்டலாம் என்று முடிவானது. தள்ளிக்கொண்டு வருகிறவனுக்கும் தலைக்கவசம் மாட்டிவிட்டோம். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கைப்பேசியில் காணொளி எடுக்கத் தெரியாத ஆசிரியர் என்பதாலோ என்னவோ பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டேன். சைக்கிள்காரன், ரோட்டுக் கேள்வி கேட்ட பிள்ளை, அவள் தம்பி, அப்புறம் எப்போதும் யாருடைய கைப்பேசியையாவது நோண்டிக்கொண்டே இருக்கும் இன்னொரு பையன். நான்கு பேரும் திரிங்காப் பக்கத்திலிருந்து நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்கள். மற்றப் பிள்ளைகள் வேனில் வருவார்கள், அல்லது அப்பாவின் மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒன்று பின்னால் இரண்டு என்று வருவார்கள். தலைக்கவசம் சட்டமாகி 1973லிருந்து எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. ஆனால் தோட்டத்திலிருந்து பள்ளிக்கு வருகிற தூரத்தை யாரும் ரோடு என்றே கணக்கில் எடுப்பதில்லை. நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள்தான் என்று ஒவ்வொரு பெருநாள் காலத்திலும் பேப்பரில் படிப்பதோடு சரி.

என் கதை வசனம் ஒரே இரவில் தயாராகிவிட்டது. இரண்டு பிள்ளைகள் ரோடு ஓரத்தில் நிற்பார்கள். வலம் பார்ப்பார்கள், இடம் பார்ப்பார்கள், மறுபடி வலம் பார்ப்பார்கள். கை தூக்கிக்கொண்டு கடப்பார்கள். பின்னணியில் எதுகை மோனையோடு நான் எழுதிய மலாய் வரிகள். அதை வாசித்துக் காட்டியபோது நான்கு பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். சைக்கிள்காரன் மட்டும், “வளைவுல வலமும் தெரியாது இடமும் தெரியாது சார். காதுதான்” என்றான்.

அது என்ன என்று பார்ப்பதற்காகவே ஒரு நாள் அவர்களோடு நடந்தேன். காலை ஆறரைக்குத் திரிங்காப் கடைத்தெருவில் போய் நின்றேன். கும்மிருட்டு. பள்ளி மணி ஏழரைக்கு, சூரியன் எழுவது ஏழு மணிக்கு மேல். நான் படித்த காலத்தில் இப்படி இல்லை. தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982 பிறந்தபோது அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். சபா சரவாக்கோடு நேரம் ஒன்றாக வேண்டும் என்பதற்காக. நல்ல காரியம்தான். ஆனால் அந்த அரை மணி நேர வெளிச்சம் நடந்து வருகிற பிள்ளைகளின் கணக்கிலிருந்து கழிந்தது என்பது எனக்கு முப்பத்தைந்து வருடம் கழித்து அந்த இருட்டில் நின்றபோதுதான் உறைத்தது. அத்தனை வருடமும் நான் காரில் வந்துகொண்டிருந்தேன்.

திரிங்காப்பைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரிஞ்சாங், கீ ஃபார்ம் தாண்டி, கோலத் தெர்லாவுக்கு முன்னால் வரும் சிறிய காய்கறி ஊர். ரோட்டின் இரண்டு பக்கமும் கடை, உரக் கடை, லெண்ட்ரோவர் பட்டறை. என் வயதை ஒத்த லெண்ட்ரோவர்கள் இன்னும் முட்டைக்கோசு சுமந்து ஓடிக்கொண்டிருக்கின்றன, கதவு கயிற்றால் கட்டியபடி. மலைச்சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கொட்டகை. சில கொட்டகைகளில் இரவெல்லாம் வரிசையாக பல்பு எரியும். செவ்வந்தியை ஏமாற்றுவதற்காக. வெளிச்சம் இருந்தால் பகல் நீளம் என்று எண்ணி அது பூக்காமல் தண்டை நீட்டிக்கொண்டே போகும், சந்தைக்கு வேண்டிய உயரம் வந்தபின் விளக்கை அணைப்பார்கள். அன்று விடியும் நேரத்திலும் ஒன்றிரண்டு எரிந்துகொண்டிருந்தன. ரோட்டில் விளக்குக் கம்பம் கடைத்தெருவோடு முடிந்துபோனது. அதற்கப்புறம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது செவ்வந்திக்குப் போட்ட வெளிச்சத்தில் மிச்சம்தான்.

நடைபாதை இல்லை. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு பாதம் அகலத்துக்குப் புல், அதற்கப்புறம் லோங்காங் என்கிற சாக்கடை. பிள்ளைகள் வரிசையாக நடந்தார்கள். காலில் ஜப்பான் சிலிப்பர், சப்பாத்து பிளாஸ்டிக் பையில். பேசிக்கொண்டே வந்தவர்கள் திடீரென்று நான்கு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூத்தவள் என் முழங்கையைப் பிடித்து லோங்காங் விளிம்புக்கு இழுத்தாள். இரண்டு வினாடி கழித்து ஒரு ஹைலக்ஸ் வளைவைச் சுற்றி வந்து, காற்றால் எங்களைத் தள்ளிவிட்டுப் போனது.

“லெண்ட்ரோவர்னா நிக்கத் தேவையில்ல சார். சத்தம் முன்னாடியே வந்துடும், அது மெல்ல வரும். லோரியும் பரவால்ல. ஹைலக்ஸ்தான் மோசம்” என்று தம்பி விளக்கினான். எட்டு வயது.

வளைவில் இருக்கும் பெரிய வட்டக் கண்ணாடி வாகனக்காரர்களுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிள்ளைகள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். அதன் ஓரத்தில் மஞ்சள் படர்ந்தால் ஒதுங்க வேண்டும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் கண்ணாடி குருடு, அன்றைக்குக் காது மட்டும். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் கதை வசனத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அப்போதே கிழித்துப் போட்டிருக்கலாம்.

பள்ளிக் குழாயடியில் சிலிப்பரைக் கழற்றிக் கால் கழுவி, பையிலிருந்து வெள்ளைச் சப்பாத்தை எடுத்து மாட்டினார்கள். (இப்போது கறுப்புச் சப்பாத்து ஆகிவிட்டது, தாய்மார்கள் பிழைத்தார்கள்.) அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, “சின்னப் புள்ளயில நாங்களும் இப்படித்தான் மாத்துவோம்” என்று சொல்லிவிட்டேன். “அப்போ நீங்களும் இந்த ரோட்டுலதான் வந்தீங்களா சார்?” என்று கேட்டாள் மூத்தவள்.

இல்லை. நான் நடந்த வழி வேறு.

அப்போது எங்கள் வீடு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில். அம்மா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்ட கையோடு லயத்துப் பிள்ளைகள் பதினோரு பேர் கிளம்புவோம். எங்களைக் கூட்டிப் போவது பன்னிரண்டு வயது அக்கா ஒருத்தி. கையில் தேயிலைக் குச்சி. புறப்படும்போது ஒரு தடவை தலையை எண்ணுவாள், ஓடையைத் தாண்டியதும் ஒரு தடவை, பள்ளி வாசலில் ஒரு தடவை. ஆஸ்திரேலியாவில் டேவிட் எங்விட் என்பவர் 1992இல் ‘நடைப் பேருந்து’ என்று ஒரு யோசனை சொன்னாராம், பெரியவர் ஒருவர் முன்னால் நடக்க பிள்ளைகள் நிறுத்தத்துக்கு நிறுத்தம் வந்து சேர்ந்துகொள்வது. பிறகு அது பல நாடுகளில் பரவியது. எங்கள் அக்கா அதை 1966லேயே ஓட்டினாள், டிக்கெட் வாங்காமல்.

தேயிலை நிரைகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒற்றையடிப் பாதை. கொழுந்து எடுக்கிறவர்கள் கூடையோடு நடந்து நடந்து விழுந்த தடம். கொஞ்ச தூரத்தில் முனீஸ்வரர் கல், அப்புறம் மூன்று மரக்கட்டை போட்ட ஓடைப் பாலம், அப்புறம் மண்ணில் வெட்டிய படிகள், பலகை முட்டுக் கொடுத்து. அந்தப் படி முடிகிற இடத்தில் பள்ளிக்கூரை தெரியும். சப்பாத்து இரண்டையும் லேசால் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாலை மாதிரித் தொங்கவிட்டிருப்போம். அட்டைக்கு அம்மா புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியைக் கணுக்காலில் கட்டிவிடுவாள். அப்படியும் ஏறும். ஒரு நாள் கால் கழுவியும் தெரியாமல் ஓர் அட்டையோடேயே சப்பாத்தை மாட்டிவிட்டேன். மலாய் வகுப்பு நடக்க நடக்க வெள்ளைத் துணியில் சிவப்பு வட்டம் ஒரு காசு அளவு தொடங்கி மெல்ல விரிந்தது. வலியே இல்லை. மேசைக்கு அடியில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா அன்று இரவு தேய்த்துக் கழுவி, வெள்ளை பூசி, தணல் ஆறிய அடுப்போரம் சாய்த்து வைத்தாள்.

பயம் என்றால் அட்டை, பாம்பு, மழையில் ஓடை ஏறுவது. வாகனம் என்று ஒன்று அந்த வழியில் குறுக்கே வந்ததில்லை.

“அந்த வழி எங்க சார்?” என்றான் கைப்பேசிப் பையன்.

அடுத்த சனிக்கிழமை தேடப் போனோம். சனிக்கிழமை ரோட்டில் நடக்க முடியாது. ஸ்ட்ராபெர்ரி பார்க்க ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிற கார்கள் கீ ஃபார்மிலிருந்து ஊர்ந்துகொண்டே இருக்கும். 2000களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய் ரோடு திறந்தபிறகு வடக்குப் பக்கமும் வாசல் ஆகிவிட்டது எங்களுக்கு. அதற்கு முன்னால் தாப்பா ரோடு ஒன்றுதான். அதை 1926இல் வெட்டத் தொடங்கி 1931இல் முடித்தார்கள். மண் வெட்டிய ஆட்களில் என் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் ஒருவர். வெடி வைத்தபின் கல் பொறுக்குகிற வேலை.

மேலே லயம் இருந்த இடம் இல்லை. தேயிலையும் இல்லை, எல்லாம் காய்கறி. முனீஸ்வரர் மட்டும் ஓட்டுக்கூரையும் மஞ்சள் துணியுமாக வசதியாக இருந்தார். அவரிடமிருந்து கீழே இறங்கினால் கம்பிவேலி, வேலிக்கு அந்தப்பக்கம் பிளாஸ்டிக் கொட்டகை, கொட்டகைக்கு முன்னால் இரண்டு நாய். பிள்ளைகள் நாயிடம் பேசிக்கொண்டிருக்கும்போது முதலாளியான தவுக்கே வெளியே வந்தார். என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். மலாயில் விஷயத்தைச் சொன்னேன். பழைய வழி, பள்ளிப் பிள்ளைகள், மரக்கட்டைப் பாலம். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இரண்டு கையையும் கழுத்துக்குக் கொண்டுபோய்ச் சப்பாத்து தொங்குவதுபோல அபிநயித்தார். சீனப்பள்ளிப் பிள்ளைகளும் அந்தப் பாதையில்தான் வருவார்களாம், ஓடையில் பிரிந்து அந்தப்பக்கம் போவார்களாம். கையில் குச்சி வைத்திருந்த இந்தியப் பெண்ணைக் கண்டால் ஒதுங்கி நிற்பார்களாம். அக்கா அவர்களையும் மிரட்டியிருக்கிறாள்!

கொட்டகையின் பின்பக்கப் பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே தக்காளி. “வா வா, மெல்ல” என்றார் தமிழில். இரண்டு பாத்திக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். பிளாஸ்டிக்குக் கீழே வெப்பமும் உர வாசனையும், காலடியில் சொட்டு நீர்க்குழாய். மறுபக்கத்துத் துணியை விலக்கியதும் ஓடை. மரக்கட்டைக்குப் பதில் யாரோ போட்ட இரும்புத் தகடு. அதைத் தாண்டியதும் என் படிகள். முட்டுப் பலகை மக்கிப்போய் பெரணி முளைத்துக் கிடந்தாலும் படிகள்தான். தம்பி எண்ணினான், நாற்பத்திரண்டு. கைப்பேசிப் பையன் பின்னாலேயே எடுத்துக்கொண்டு வந்தான். பள்ளிக்கூரை தெரிந்தபோது நான் அழுதேன் என்று பிறகு பிள்ளைகள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஏறி இறங்கிய மூச்சிரைப்புதான்.

ரோட்டு வழியில் பாதி நேரம்கூட ஆகவில்லை.

பிள்ளைகள் தாங்களாகவே காணொளியைத் தொகுத்துக் கொண்டுவந்தார்கள். முதல் இருபது வினாடி திரையில் ஒன்றுமே இல்லை, கறுப்பு. சிலிப்பர் சத்தம், தவளை, பிளாஸ்டிக் பை உரசுவது. பிறகு எல்லாச் சத்தமும் நின்று ஹைலக்ஸ் வருகிற சத்தம். பிறகு கண்ணாடியில் மஞ்சள். அப்புறம் தக்காளி, ஓடை, படி, பள்ளி. பேச்சே இல்லை.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைக்கவசம் தெரிய வேண்டும், சாலை கடக்கும் முறை தெரிய வேண்டும், பொதுச் சாலையில் எடுத்திருக்க வேண்டும். கறுப்புத் திரையைப் பார்த்தால் நடுவர்கள் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். தனியார் நிலத்தில் பிள்ளைகளை நடக்கவிட்டதாகக் காட்டினால் தலைமையாசிரியைக்குக் கேள்வி வரும். எல்லாம் நியாயமான காரணங்கள், இன்றைக்கும் என்னால் வாதாட முடியும். இளம் ஆசிரியர் ஒருவரை உட்காரவைத்து, தக்காளியையும் படியையும் எடுத்துவிட்டு, பள்ளி முன்னால் அழிந்துபோன வரிக்குதிரைக் கோட்டில் பிள்ளைகள் வலம் இடம் வலம் பார்ப்பதைச் சேர்த்தேன். என் எதுகை மோனையையும் சேர்த்தேன்.

போட்டுக் காட்டியபோது மூத்தவள் கடைசிவரை பார்த்தாள். “வழிய வெட்டிட்டீங்களே சார்” என்றாள்.

தாத்தா வெட்டிய வழி தாப்பா ரோட்டில் இன்றும் கிடக்கிறது. நான் வெட்டியது இது.

அந்த வாரம் இரவில் உட்கார்ந்து மற்ற நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற கதைகளைப் படித்தேன், குற்ற உணர்ச்சிக்கு மருந்தாக. அமெரிக்காவில் 1969இல் பள்ளிப் பிள்ளைகளில் 48 விழுக்காட்டினர் நடந்தோ சைக்கிளிலோ போனார்கள், 2009இல் 13 விழுக்காடு. இதற்கென்றே 2005இல் அங்கே கூட்டரசு பணம் ஒதுக்கித் திட்டம் போட்டது. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் இந்த வேலையை 1970களிலேயே தொடங்கியிருக்கிறார்கள். அங்கே பிள்ளைகளிடமே எந்த இடத்தில் பயமாக இருக்கிறது என்று கேட்டு, அந்த இடங்களை மாற்றிக் கட்டினார்கள். ரோட்டைக் குறுக்கினார்கள், நடுவில் திட்டு வைத்தார்கள், சைக்கிளுக்குத் தடம் போட்டார்கள். பிள்ளைகளுக்கு எதுகை மோனை எழுதிக்கொடுத்ததாக எங்கும் இல்லை.

பரிசு வரவில்லை. பங்கேற்புச் சான்றிதழ் நான்கு வந்தது. ஒன்றில் பெயர் தப்பு. அலுவலகத்தில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, காலைக் கூட்டத்தில் கொடுத்தோம். வென்ற காணொளியை நான் பார்த்தேன். நன்றாகவே இருந்தது, சமவெளியில் எடுத்தது.

ஆனால் ஒன்று நடந்தது. அக்டோபர் மாதம் குழாயடியில் மூத்தவள் கால் கழுவும்போது பார்த்தேன், சிலிப்பரில் செம்மண்ணும் பெரணி இலையும். கேட்டால் மழுப்பினாள். தம்பிக்கு மழுப்பத் தெரியாது. தவுக்கே காலையில் வேலைக்கு வரும்போது கொட்டகையின் பின்பக்க ராஃபியாக் கயிற்றை அவிழ்த்து வைத்துவிடுகிறார், அவர்கள் போனதும் கட்டிக்கொள்கிறார் என்று சொல்லிவிட்டான். மருந்தடித்த நாளில் மட்டும் கயிற்றில் சிவப்புத் துணி கட்டியிருக்கும், அன்று ரோட்டு வழி. நாய்களுக்கு இவர்கள் பழகிவிட்டார்கள். சைக்கிள்காரனும் சைக்கிளை வீட்டில் போட்டுவிட்டு இவர்களோடு சேர்ந்துகொண்டான். நான் தலைமையாசிரியையிடம் சொல்லவில்லை. ஒரு தடவை போய்த் தவுக்கேயிடம் நன்றி சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் அது ஏற்பாடு ஆகிவிடும், ஏற்பாடு ஆனால் யாராவது அனுமதி கேட்க வேண்டிவரும் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்தது. மூத்தவள் இடைநிலைப்பள்ளியில் ரிமூவ் வகுப்புக்குப் போய்விட்டாள், அது பஸ் தூரம். ஒரு மாலை நானே முனீஸ்வரர் பக்கமாக இறங்கிப் பார்த்தேன். தக்காளியை எடுத்துவிட்டுச் செவ்வந்தி போட்டிருந்தார்கள். பாத்திகளின் போக்கையே மாற்றி, பின்பக்கத்துப் பிளாஸ்டிக்கை அலுமினியச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கி அடித்திருந்தார்கள். தவுக்கேயைக் காணோம், வங்காளதேசத்துப் பையன் ஒருவன் பல்பு மாட்டிக்கொண்டிருந்தான். இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் போட்டான். அந்த வெளிச்சத்தில் ஓடைக்கு அந்தப்பக்கம் முதல் மூன்று படி தெரிந்தது.